செலவு இல்லை என்று எழுதிய மூன்று வரிகள்

கல்யாண ஏற்பாட்டுத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து, முதன்முதலாக எடுத்திருக்கும் கல்யாணத்தின் செலவுப் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். சும்மா ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள் என்றீர்கள். எனக்குச் சும்மா பார்க்க வராது. பதினொரு பக்கம், இருநூற்று நாற்பத்தேழு வரி. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன், கூட்டல் சரி. தீப்பெட்டி ஒரு டஜன் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு டஜனாக்குங்கள், சமையல் கொட்டகையில் தீப்பெட்டி எப்படிக் காணாமல் போகிறது என்பதை நாற்பது வருடமாகக் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

அதுவல்ல விஷயம். ஏழாம் பக்கத்தில் வரவேற்பு, பரிமாறுதல், வெளியூர்க்காரர்களை அழைத்து வருதல் என்று மூன்று வரி. எதிரே, 'மாப்பிள்ளையின் நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று எழுதி, ரூபாய் போடும் இடத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதே மாதிரி மூன்று பூஜ்யத்தை நானும் ஒருகாலத்தில் போட்டிருக்கிறேன். அதனால் ஒரு மனிதர் தன் கிணற்றை இழக்கப் பார்த்தார்.

அறுபதுகளின் நடுவில் நான் செஞ்சி கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். வயது இருபத்தெட்டு. கல்யாணம் வைத்திருப்பவர்கள் முதலில் மளிகைக் கடைக்குத்தான் வருவார்கள். எத்தனை பேர் என்று சொன்னால், உப்பு முதல் கற்பூரம் வரை பட்டியல் எழுதி, மொத்தச் செலவையும் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. அதற்குக் கூலி கிடையாது, சாமானை எங்கள் கடையில் வாங்கினால் போதும். பெரிய பட்டியலாக இருந்தால் கல்யாணத்தன்று நானே போய் உக்கிராணத்தில், அதாவது சாமான் அறையில், சாவியோடு உட்கார்ந்து அளந்து கொடுப்பேன்.

எத்தனை பேர் என்ற கேள்விக்கு எந்தத் தகப்பனும் முதலில் உண்மையைச் சொல்வதில்லை. பொய் சொல்வதாகவும் நான் நினைக்கவில்லை. அந்த எண்ணைச் சொல்ல அவர்களுக்கே பயம். அதனால் நான் மூன்று முறை கேட்பேன். கடைக்குள் வந்ததும் ஒருமுறை, பாதிப் பட்டியலில் ஒருமுறை, செருப்பு மாட்டும்போது ஒருமுறை. செருப்பு மாட்டும்போது சொல்வதுதான் சரியான எண். இந்த முறையை நானே கண்டுபிடித்ததாக அப்போது எனக்குப் பெரிய கர்வம்.

வல்லம் பக்கத்திலிருந்து ஏழுமலை என்பவர் வந்தார். மானாவாரியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும், கிணற்றடியில் கொஞ்சம் நெல்லும் பயிரிடுபவர். இரண்டு பெண்கள். மூத்தவள் தனலட்சுமிக்கு அவலூர்பேட்டையில் மல்லாட்டை வாங்கி விற்கும் குடும்பத்தில் சம்பந்தம் முடிந்திருந்தது. நகை வேறு கணக்கு. கல்யாணச் செலவுக்கென்று அவர் கையில் இருந்தது ஆயிரத்து நானூறு ரூபாய்.

"ஆயிரத்தி நானூறு. அதுக்கு மேல ஒத்த ரூபா கெடயாது கணக்குப்புள்ள" என்றார். "எனக்கும் மேலத்தெரு ஆளுக்கும் பங்குக் கெணறு. ஒருநாள் அவுருக்குத் தண்ணி, ஒருநாள் எனக்கு. என் பங்க எழுதிக் குடுடான்னு பத்து வருசமா கேக்கறாரு. அவுருகிட்ட ஒருவாட்டி கை நீட்டனேன்னு வச்சிக்கோ, கெணறு போச்சி. கெணறு போச்சின்னா சின்னவளுக்கு நான் இன்னாத்த வச்சிக் கல்யாணம் பண்றது?"

இருநூறு பேர் என்றார், பிறகு இருநூற்றைம்பது, செருப்பு மாட்டும்போது முந்நூற்றுப் பத்து. பட்டியல் எழுதிக் கூட்டினேன். ஆயிரத்து ஐந்நூற்று அறுபது வந்தது. நூற்றறுபது அதிகம். வெல்லத்தைக் குறைத்தேன், நெய்யைக் குறைத்தேன், இரண்டும் சேர்ந்து பதினெட்டு ரூபாய்தான் இறங்கியது. அதுவும் பந்தியில் தெரிந்துவிடும் என்று மறுபடி ஏற்றினேன். ஏழுமலை என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் இன்னா?" என்று மூன்று வரிகளைத் தொட்டுக் கேட்டார்.

"பந்தல் அறுபது ரூபா. விறகு எழுபது. தண்ணி எடுக்க, களம் மெழுக ஆள்கூலி முப்பது."

"அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? அதெல்லாம் நம்ம ஆளுங்க பாத்துக்குவாங்க. அதுக்குச் செலவு கெடயாது."

அறுபதும் எழுபதும் முப்பதும் நூற்றறுபது. அடித்தேன். எதிரே மூன்று இடத்திலும் 'செலவு இல்லை' என்று எழுதினேன். சரியாக ஆயிரத்து நானூறு. ஒரு கணக்கு இத்தனை கச்சிதமாக வந்து உட்காருவது எப்போதாவதுதான் நடக்கும். அன்று முழுவதும் எனக்கு மனசு குளிர்ந்திருந்தது. 'நம்ம ஆளுங்க' என்றால் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. முந்நூற்றுப் பத்து என்ற எண்ணை மூன்று முறை கேட்டு வாங்கியவன், இதை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அரிசி அவர் வீட்டு நெல். அது நல்லதுதான், ஏனென்றால் அந்த வருடம் கையில் காசு இருந்தாலும் கடையில் அரிசி சட்டென்று கிடைக்காது. படிக்கு எட்டு இலை என்பது என் கணக்கு. முப்பத்தொன்பது படி வந்தது. கைக்காவலுக்கு மூன்று சேர்த்து நாற்பத்திரண்டு. மீதி இருந்தது விதை நெல் மட்டும்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அடுப்புக்குழி பார்க்கப் போனேன். பந்தல் முடிந்திருந்தது. இருபத்துநான்கு கால், அறுபத்தெட்டுக் கீற்று. விறகு இடுப்பளவுக்கு இரண்டு அடுக்கு. களம் கண்ணாடி மாதிரி மெழுகியிருந்தது. எல்லாவற்றையும் எண்ணிக் குறித்துக்கொண்டேன். கீற்று முடைந்து முடித்திருந்த பெண்களில் ஒருத்தி எனக்கு மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று முகூர்த்தம் காலையில் முடிந்தது. மூன்று பந்தி போட்டோம். ஒவ்வொரு பந்தியிலும் இலையை நானே எண்ணினேன். மொத்தம் இருநூற்று அறுபத்திரண்டு. முப்பத்து மூன்று படி தீர்ந்திருந்தது. மீதி ஒன்பது படியை வடித்துக் கொட்டி மூடி வைத்திருந்தார்கள். அவலூர்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இன்னும் முப்பத்தெட்டு பேர் பஸ்ஸில் வரவேண்டும். அவர்களுக்கு ஐந்து படி போதும். சேர்த்தால் முந்நூறு பேர். நான் எழுதியது முந்நூற்றுப் பத்து. இவ்வளவு நெருக்கமாக வந்ததை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. சமையல்காரரிடம் சொன்னேன். அவர் "ம்" என்றார்.

அப்போது பின்பக்கம் களத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாக ஒரு கூட்டம் புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தது. சிலர் பக்கத்தில் அலுமினியக் குண்டான். எண்ணினேன். நாற்பத்திரண்டு பேர், பதினெட்டுக் குண்டான்.

"நீங்கல்லாம் யாரும்மா?" என்று கேட்டேன்.

முன்னால் இருந்த பெண் சிரித்துவிட்டாள். இரண்டு நாள் முன்பு எனக்கு மோர் கொடுத்தவள். பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. ஏழுமலையின் நிலத்தில் களை எடுக்கவும் மல்லாட்டை பறிக்கவும் வரும் ஆட்களைக் கூட்டி வருபவள்.

"இன்னாங்க கணக்குப்புள்ள, மோரு குடிக்கச் சொல்ல தெரிஞ்சிது, சோறு போடச் சொல்ல தெரியலியா?"

பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. "பாக்கு வெத்தலை வச்சு அழைச்சவங்க கணக்குலே..." என்று இழுத்தேன்.

"எங்களுக்கு யாரு பாக்கு வெத்தல வெப்பாங்க? பந்தலு போட்டது நாங்க, வெறகு ஒடச்சது நாங்க, தண்ணி சொமந்தது நாங்க. பத்து நாளு வேல. கூலி வோணாம், கல்யாணத்தன்னிக்கி வயித்துக்கும் சோறு, வூட்டுக்கு ஒரு குண்டான் சோறுன்னு பேச்சி. ஏழுமல சொல்லலியா?"

ஏழுமலை சொல்லியிருந்தார். 'செலவு கிடையாது' என்று சொன்னாரே, அதுதான் இது. அவர் என்னை ஏமாற்றவில்லை. காசு கொடுப்பதுதான் அவருக்குச் செலவு. சோறு போடுவது செலவு என்று அந்தப் பக்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். அதைப் படியாக மாற்றி எழுதவேண்டியது என் வேலை.

அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். பத்து நாள் உழைத்தவர்களுக்குப் படிக்கு எட்டு இலை ஆகாது, ஐந்துதான். எட்டரைப் படி. குண்டான் ஒன்றுக்குக் கால் படி வீதம் நாலரை. ஆகப் பதின்மூன்று. பஸ்ஸில் வருபவர்களுக்கு ஐந்து. மொத்தம் பதினெட்டு. கையில் இருப்பது ஒன்பது. சரிபாதி.

ஏழுமலையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். தப்பு என்னுடையது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் முகம் மாறியது. எங்கள் பேச்சு எப்படிக் காதில் விழுந்ததோ, பந்தலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மேலத்தெருக்காரர் அங்கிருந்தே சொன்னார்: "அரிசிக்கா ஓசன பண்ற ஏழுமல? நம்ம வூட்ல கெடக்குது, பத்து படி அளந்துக்க. சாய்ங்காலமா நம்ம கெணத்து விசயம் ஒக்காந்து பேசிக்கலாம். இன்னா அவசரம்?"

ஏழுமலை தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அவரிடம் கை நீட்டப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"கால் மணி குடுங்க" என்றேன்.

"கால் மணியில நெல்லு வெளஞ்சிடுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் நாம் எல்லாரும் செய்வது இல்லாததையே மறுபடி மறுபடி எண்ணுவது. நானும் அதைத்தான் செய்தேன். உக்கிராணத்துக்குள் போய்க் காலிக் கோணியை உதறிப் பார்த்தேன். கதவிடுக்கு வழியாகக் கூடத்தில் வரிசைத் தட்டுகள் தெரிந்தன. தேங்காய், பழம், புடவை, குத்துவிளக்கு. நடுவில் பித்தளை அண்டா நிறைய அரிசி. தாய்மாமன் சீர். பெண்ணோடு அவலூர்பேட்டைக்குப் போகவேண்டியது. நானே காலையில் வரவு வைத்திருந்தேன், பத்து படி.

அது ஏழுமலையின் அரிசி இல்லை. என்னுடையதும் இல்லை. தனலட்சுமியுடையது. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவளிடம் போய், குனிந்து, விஷயத்தைச் சொன்னேன். புதுப்பெண்ணிடம் இதைப் பேசலாமா என்ற தயக்கத்தோடுதான் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அஞ்சல அக்கா இன்னும் சாப்புடலியா?"

"இல்லம்மா."

எழுந்தாள். பக்கத்தில் இருந்த மாமியாரிடம் நேராகவே சொன்னாள்: "அத்த, அந்தச் சீரு அரிசிய ஆக்கிடட்டுமா? எங்க நைனாவுக்கு இப்ப அது இல்லன்னா ஆவாது."

மாமியார் மல்லாட்டை வியாபாரத்தில் பழுத்தவர். என்னைத்தான் பார்த்தார். "எத்தினி படி கொறயுது?"

"ஒன்பது."

"கணக்கு எழுதற ஆளு ஒம்பது படிய எங்க தொலச்சே?"

சொன்னேன். மூன்று வரியையும் சொன்னேன். அந்த அம்மாள் முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு மருமகளிடம் சொன்னார்: "அரிசிய எடுத்துக்க. ஆனா வெறும் அண்டாவோட நான் எங்க ஊரு பஸ்ஸ்டாண்டுல எறங்கமாட்டேன். ஒங்க நைனா வெத மல்லாட்ட போக மீதி வச்சிருப்பாருல்ல, அத ரொப்பி குடுக்கச் சொல்லு. எங்க வூட்டுக்கு அரிசியவிட அதான் லட்சுமி."

"பஸ்ஸுல ஒங்க ஆளுங்க முப்பத்தெட்டு பேர் வராங்களேம்மா. ஆக்கின சோற இப்ப பின்னால இருக்கறவங்களுக்குப் போட்டுட்டா, வர்றவங்க அரிசி வேகற வரைக்கும் காத்திருக்கணும்" என்றேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் கூலிக்காரர்களுக்குப் போடுவது என்பது அன்றைக்கு நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

"வராத ஆளுக்கு வச்சினு இருந்து, வந்த ஆள பட்டினி போடுவியா? அவுங்க செஞ்சியில எறங்கி பூரி துன்னுட்டுதான் வருவாங்க. எனக்குத் தெரியாதா எங்க ஆளுங்கள? போ, எல போடு."

களத்தில் நாற்பத்திரண்டு இலை போட்டோம். ஒன்பது படிச் சோறும் அங்கே போனது. சமையல்காரர் வேலியில் கிடந்த பூசணிக்காயை வெட்டிப் போட்டுச் சாம்பாரை நீட்டினார். இந்தப் பக்கம் சீர் அரிசி உலையில் ஏறியது. பஸ் வந்தது. இறங்கியவர்களில் பாதிப் பேர் ஏப்பம் விட்டுக்கொண்டே இறங்கினார்கள். கால் கழுவி, தண்ணீர் குடித்து, மணமக்களைப் பார்த்து முடிப்பதற்குள் சோறு வடித்தாயிற்று. அவர்கள் சாப்பிட்ட பின் பதினெட்டுக் குண்டானும் நிறைந்தது. அரைப் படிச் சோறு போல மிஞ்சியது. அதைத்தான் ஏழுமலையும் நானும் சாப்பிட்டோம்.

மேலத்தெருக்காரர் போகும்போது "இன்னா ஏழுமல, அரிசிக்கு ஆள் அனுப்பறேன்னு பாத்தேன், காணமே?" என்றார். "பொண்ணு பாத்துக்கிச்சி" என்றார் ஏழுமலை. இடுப்பில் கட்டியிருந்த துண்டு மறுபடி தோளுக்கு ஏறியிருந்தது.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். 'செலவு இல்லை' என்ற மூன்று வரியையும் அடித்தேன். அடித்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கடைசியில், குண்டானோடு கிளம்பிக்கொண்டிருந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். "இன்னாத்துக்கு?" என்றாள் அஞ்சலை. "கணக்குக்கு" என்றேன். "இப்பவா?" என்றாள்.

பிற்பாடு உட்கார்ந்து விலை போட்டுப் பார்த்தேன். பதின்மூன்று படி அரிசி அன்றைய விலையில் இருபத்தாறு ரூபாய். அதை முன்பே எழுதியிருந்தால் எங்கேயாவது குறைத்துச் சரிக்கட்டியிருப்பேன். வெற்றிலைப் பையில் ஒரு தேங்காய்க்குப் பதில் அரைமூடி, முடிந்தது. எழுதாமல் விட்டதால் அது ஒரு பாதிக் கிணறாக வளர்ந்து வந்து நின்றது. இருபத்தாறு ரூபாய் எப்படி ஒரு கிணறாக ஆகிறது என்பதை இத்தனை வருடமாக யோசிக்கிறேன், ஆச்சரியம் அடங்கவில்லை.

அன்றிலிருந்து என் பட்டியலில் ஒரு வழக்கம் வைத்தேன். யாராவது 'அதுக்குச் செலவில்லை' என்றால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவேன். அதைச் செய்யப்போவது யார், எத்தனை பேர், எப்போது சாப்பிடுவார்கள், எப்படி வீட்டுக்குப் போவார்கள் என்று கேட்பேன். பலருக்கு எரிச்சல் வரும். ஒருவர் எழுந்தே போய்விட்டார். உங்கள் ஏழாம் பக்கத்தில் வரும் நண்பர்கள் எத்தனை பேர்? காலை ஐந்து மணிக்கு வண்டி எடுத்துக்கொண்டு போகிறவர் எந்தப் பந்தியில் உட்காருவார்? அவர் கையில் பெட்ரோலுக்குக் காசு யார் கொடுப்பார்கள்? அந்த மூன்று பூஜ்யத்தையும் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். பெயர் எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். மூன்று வருடம் கழித்து அஞ்சலை எங்கள் கடைக்கு வந்தாள். தன் மகளுக்குக் கல்யாணம், பட்டியல் எழுதவேண்டும் என்றாள். கடை வாசலிலேயே நின்றாள். நான்தான் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

"எத்தனை பேர்?"

"நூத்திப் பதிமூணு."

பாதிப் பட்டியலில் மறுபடி கேட்டேன். நூற்றுப் பதின்மூன்று. கிளம்பும்போது கேட்டேன். "எத்தினிவாட்டி கேட்டாலும் அதான்" என்றாள். என் அனுபவத்தில் மூன்று முறையும் ஒரே எண்ணைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். எனக்கு ஒரு குறுகுறுப்பு. நூற்றுப் பத்து என்று முழுதாக நிற்காமல், அது என்ன கடைசியில் பதின்மூன்று?

"நூத்திப் பன்னெண்டு எங்க சனம். ஒண்ணு நீங்க" என்றாள். "பட்டியல் எழுத என்கிட்ட துட்டு வாங்கறீங்களா? இல்லல்ல? அப்ப ஒரு எல போடணும்ல." கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி நின்றாள். "எங்க தெருவுக்கு வருவீங்களா மாட்டீங்களான்னு நான் கேக்கல. கணக்குல எழுதியாச்சி. வர்றது ஒங்க இஷ்டம்."

முதலாளி உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அது சின்ன விஷயம் இல்லை. என் வீட்டில் என்ன சொல்வார்கள், கடைத்தெருவில் என்ன சொல்வார்கள் என்று எட்டு நாள் கவலைப்பட்டேன். கவலைப்பட்டுக்கொண்டேதான் சைக்கிளில் போனேன். நான் போனபோது இரண்டு பந்தி முடிந்து மூன்றாவது உட்கார்ந்திருந்தது. வரிசையில் ஒரு இலைக்கு முன்னால் மட்டும் ஆள் இல்லை. காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு கல் வைத்திருந்தார்கள். கல்லை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.